லோட் கூடி வீட்டில் கரண்ட் போனால்: கொழும்பு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் கரண்ட் போனதும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை, சுவரில் இருக்கும் மின் பெட்டியைத் திறந்து, விழுந்து கிடக்கும் சுவிச்சைத் தூக்கி விடுவது. மறுபடி விழுந்தால் மறுபடி தூக்குவார்கள். மூன்றாம் முறையும் விழுந்தால்தான் என்ன காரணம் என்று யோசிப்பார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். எது விழுந்தது, எப்படி விழுந்தது என்று தூக்குவதற்கு முன்னாலேயே பார்த்துக்கொண்டால், லோட் கூடியதா (ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்ததா), ஷார்ட்டா (வயர்கள் நேரே ஒன்றோடொன்று தொட்டதா), ஏர்த் கசிவா (கரண்ட் நிலத்துக்குக் கசிந்ததா) என்று பெட்டியே சொல்லிவிடும். பார்க்காமல் தூக்கினால் அந்தத் தடயம் அழிந்துவிடும்.

கீழே உள்ளதெல்லாம் வீட்டுக்காரர் தன் கையால் பாதுகாப்பாகச் செய்யக்கூடியவை. ஸ்க்ரூ டிரைவரால் பெட்டியின் மூடியைக் கழற்றும் வேலை இதில் எங்கும் இல்லை.

முதலில் மூக்கும் கையும்

எரிந்த பிளாஸ்டிக் மணம், புகை, பெட்டிக்குள் ‘கிர்ர்’ என்ற சத்தம், தொட்டால் சுடும் ப்ளக் பொயின்ட், சுவரில் மழைத் தண்ணீர் இறங்கிய ஈரம். இவற்றில் ஒன்று இருந்தாலும் தேடும் வேலையே வேண்டாம். மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். பெட்டியே எரிகிறது என்றால் கிட்டப் போகாமல் வெளியேறி 110க்கு, அதாவது தீயணைப்புப் படைக்கு அழையுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

ஒன்றும் இல்லையென்றால் கையைத் துடைத்துக்கொண்டு, ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, ரோச்சோடு வாருங்கள். மெழுகுதிரி வேண்டாம். பெட்டிக்குள் எட்டிப் பார்க்க இரண்டு கையும் தேவைப்படும்.

வீட்டிலா, ரோட்டிலா?

தனி வீடு என்றால் பக்கத்து வீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத் தொடர்மாடிகளில் ஒரு பொறி உண்டு. கரண்ட் போனதும் ஜெனரேட்டர் தானாக ஓடி, லிஃப்டுக்கும் நடைபாதை விளக்குக்கும் மட்டும் கரண்ட் கொடுக்கும். நடைபாதை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, நம் வீட்டில்தான் பிழை என்று பெட்டியைக் குடைந்துகொண்டிருப்போம். அதனால் ஜன்னலால் எதிர்க் கட்டடத்தைப் பாருங்கள், அல்லது கீழே வாட்ச்மனுக்கு ஒரு கோல் எடுங்கள்.

நாடு முழுவதும் போன நாட்களும் உண்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால்தான் தீவே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். அன்று எத்தனை பேர் தங்கள் வீட்டுப் பிரேக்கரைச் சந்தேகித்தார்களோ தெரியாது!

பெட்டியை வாசிப்பது

இங்குள்ள சாதாரண வீட்டுப் பெட்டியில் மூன்று விதமான சாதனங்கள் வரிசையாக இருக்கும். முதலாவது மெயின் சுவிச், முழு வீட்டுக்கும் ஒன்று. அடுத்தது நாம் ‘ட்ரிப் சுவிச்’ என்று சொல்வது. எலக்ட்ரீசியன்கள் ஆர்சிசிபி என்பார்கள். அகலமாக, ஒரு சின்ன டெஸ்ட் பட்டனோடு இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒடுக்கமாக வரிசை கட்டி நிற்பவைதான் பிரேக்கர்கள், எம்சிபி. ஒவ்வொன்றிலும் 6, 10, 16, 20, 32 என்று ஓர் எண் இருக்கும். அந்த வழியில், அதாவது அந்தப் பிரேக்கரிலிருந்து போகும் வயரில், எத்தனை அம்பியர் கரண்ட் போகலாம் என்பதே அந்த எண். விளக்குகளுக்கு 6 அல்லது 10, ப்ளக்குகளுக்கு 16, 20 அல்லது 32 என்பது வழக்கம்.

இந்தப் பிரேக்கர்களுக்கும் ட்ரிப் சுவிச்சுக்கும் வேலை வேறு வேறு. இதை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

பிரேக்கர் பார்ப்பது கரண்டின் அளவை. அளவு கூடினால் விழும். ட்ரிப் சுவிச் அளவைப் பார்ப்பதே இல்லை. போன கரண்ட் முழுதும் திரும்பி வந்ததா என்று மட்டும்தான் அது பார்க்கும். வீடுகளில் போடும் வகை, 30 மில்லி அம்பியர் எங்காவது கசிந்து ஏர்த்துக்குப் போனாலே விழுந்துவிடும். ஆகவே ட்ரிப் சுவிச் மட்டும் விழுந்து பிரேக்கர்கள் எல்லாம் மேலேயே இருந்தால், அது பெரும்பாலும் லோட் பிரச்சினையே இல்லை.

இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். “கேத்தலைப் போட்டதும் கரண்ட் போச்சு, லோட் கூடிட்டு” என்பார்கள். கேத்தல், அயன், குளியலறை வாட்டர் ஹீட்டர் போன்ற சூடாக்கும் சாமான்களின் கம்பிக்குள் ஈரம் ஏறினால் அவை கசியத் தொடங்கும். லோட் அதிகம் இழுப்பவையும் அவைதான், கசிவதும் அவைதான். அதனால் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். விழுந்தது எது என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

விழுந்த நேரமும் ஒரு குறி. எல்லாம் ஓடிக்கொண்டிருந்து சில நிமிடம் கழித்துப் பிரேக்கர் விழுந்தால் லோட். சுவிச் போட்ட அந்தக் கணமே ‘டப்’ என்று பிரேக்கர் விழுந்தால் ஷார்ட். ட்ரிப் சுவிச் மட்டும் போனால் கசிவு. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி முழக்கத்தோடு ட்ரிப் சுவிச் விழுவது கொழும்பில் சாதாரணம். அப்படியானால் இடி ஓய்ந்த பிறகு தூக்கிவிட்டால் போதும்.

சில புதிய பெட்டிகளில் இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும் சாதனம் ஒவ்வொரு வழிக்கும் இருக்கும். வரிசையாக நிற்கும் பிரேக்கர்கள் ஒவ்வொன்றிலும் அம்பியர் எண்ணோடு டெஸ்ட் பட்டனும் இருந்தால் அதுதான். அங்கே விழுந்த நேரத்தை வைத்துத்தான் காரணத்தைப் பிரிக்க வேண்டும்.

தூக்குவதற்கு முன் கைப்பேசியில் பெட்டியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எலக்ட்ரீசியனுக்கு அனுப்ப அது உதவும்.

லோடை இறக்குவது

1. கரண்ட் போன பகுதியில் உள்ள எல்லாவற்றையும் ப்ளக்கிலிருந்து கழற்றுங்கள். சுவிச்சை அணைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பல ப்ளக் பொயின்ட்களில் சுவிச் லைவை, அதாவது கரண்ட் வரும் வயரை மட்டும்தான் வெட்டும். கரண்ட் திரும்பிப் போகும் வயரான நியூட்ரல் தொடுத்தபடியே இருக்கும். சாமானுக்குள் நியூட்ரல் ஏர்த்தில் பட்டிருந்தால், சுவிச் அணைந்திருந்தாலும் ட்ரிப் சுவிச்சை விழுத்தும். பிரிஜ்ஜுக்குப் பின்னால் மறைந்திருக்கும் மல்டி ப்ளக், பல்கனி வோஷிங் மெஷின், தண்ணீர் மோட்டர், இவற்றைத்தான் மறப்பார்கள். ஏசி போல நேரடியாக வயர் கொடுத்தவற்றை அவற்றின் தனிச் சுவிச்சில் அணையுங்கள்.

2. ஐந்து நிமிடம் பொறுங்கள். லோடால் விழும் பிரேக்கருக்குள் ஓர் உலோகப் பட்டை சூடாகி வளைந்துதான் அதை விழுத்துகிறது. அது ஆறாமல் தூக்கினால் நிற்காது, நின்றாலும் உடனே மறுபடி விழும்.

3. தூக்கும்போது நேராக மேலே தள்ளாதீர்கள். சில பிரேக்கர்கள் விழும்போது நடுவில் நின்றுவிடும். முதலில் முழுவதும் கீழே அழுத்தி, ‘கிளிக்’ என்று பட்டதும் மேலே தள்ளுங்கள். “பிரேக்கர் பழுது, மேலே நிக்குதில்லை” என்று வரும் முறைப்பாடுகளில் கொஞ்சம் இந்த ஒரு காரியத்தாலேயே தீர்ந்துவிடும்.

4. முழு வீட்டிலும் கரண்ட் போயிருந்தால் பிரேக்கர்கள் எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு மெயின் சுவிச், ட்ரிப் சுவிச், பிறகு பிரேக்கர்கள் ஒவ்வொன்றாக என்ற வரிசையில் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ, அந்த வழியில்தான் பிழை.

விழும் பிரேக்கரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. வெளியே பிடி மேலே இருந்தாலும் உள்ளே தொடர்பு அறுந்துவிடும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

எல்லாம் கழற்றியிருந்தும், ஆறவிட்டும் பிரேக்கர் உடனே விழுகிறதா? அப்படியானால் பிழை சுவருக்குள் இருக்கிறது. அல்லது பிரேக்கரே கெட்டிருக்கலாம். அந்த ஒன்றைக் கீழே விட்டுவிட்டு மற்றவற்றைத் தூக்கிக்கொள்ளுங்கள். அறை விளக்கும் ஃபேனும் ஓடும், இரவைக் கழித்துவிடலாம்.

ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுவது

பிரேக்கர் நின்றுவிட்டால் கழற்றியவற்றை ஒன்று ஒன்றாகப் போட்டு ஓடவிடுங்கள். ஒரு குறிப்பிட்ட சாமானைப் போட்டவுடன் ஒவ்வொரு முறையும் விழுந்தால் கள்ளன் அகப்பட்டான். அதை வேறு அறை ப்ளக்கில் போட்டுப் பார்த்து உறுதிசெய்ய வேண்டாம். அங்கேயும் விழுத்தும், அவ்வளவுதான். ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

பிரிஜ்ஜைக் கடைசியில் போடுங்கள். நின்றவுடனே திரும்ப ஓடவிட்டால் கம்ப்ரஸருக்குக் கஷ்டம். ஐந்து நிமிடமாவது இடைவெளி தேவை. கதவைத் திறக்காமல் வைத்தால் உள்ளே இருப்பவை சுமார் நான்கு மணித்தியாலம் தாங்கும், ஆகவே அவசரமில்லை.

தனித்தனியே போட்டால் எல்லாமே ஓடுகின்றன, சேர்த்துப் போட்டால்தான் விழுகிறது என்றால் அதுதான் உண்மையான லோட் பிரச்சினை. இதில் எந்தச் சாமானும் பழுதில்லை. கணக்குத்தான் பிழை.

அந்தக் கணக்கு

இலங்கையில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். சாமானின் அடியில் ஒட்டியிருக்கும் வாட் அளவை 230ஆல் வகுத்தால் அம்பியர் வரும். ஒரு சமையலறையை எடுத்துக்கொள்வோம். 16 அம்பியர் பிரேக்கர் ஒன்றில் எல்லா ப்ளக்கும் தொங்குகின்றன:

கேத்தல் 2000 வாட், 8.7 அம்பியர்
மைக்ரோவேவ் 1200 வாட் இழுக்கிறது, 5.2
றைஸ் குக்கர் 700 வாட், 3
பிரிஜ் 150 வாட், 0.7

கூட்டினால் 17.6 அம்பியர். 16ஐத் தாண்டிவிட்டது, ஆனால் பிரேக்கர் விழாது! வீட்டுப் பிரேக்கருக்கான சர்வதேசத் தரப்படி, தன் அளவைப் போல 1.13 மடங்கு வரை அது ஒரு மணித்தியாலம் விழாமல் நிற்க வேண்டும். 1.45 மடங்கு வந்தால்தான் ஒரு மணித்தியாலத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். 16க்கு அது 23.2 அம்பியர். இடைப்பட்ட அளவில் விழலாம், விழாமலும் விடலாம்.

இப்போது அதே வழியில் 2000 வாட் ஸ்டீம் அயன் ஒன்றைப் போடுங்கள். மொத்தம் 26.3 அம்பியர். சில நிமிடங்களில் விழும். “நேற்றும் இதையெல்லாம்தானே போட்டோம், நேற்று விழவில்லையே” என்ற கேள்விக்கு விடை இதுதான். நேற்று கேத்தல் நாலு நிமிடத்தில் கொதித்து நின்றிருக்கும், பிரேக்கர் சூடாகும் முன்னே லோட் இறங்கியிருக்கும். பெட்டி இருக்கும் இடமும் சேரும். பிரேக்கரின் அளவு 30 பாகை செல்சியஸ் வெப்பத்துக்குக் கணக்கிட்டது. மூடிய அலுமாரிக்குள், அடுப்புக்கு மேல் பெட்டி இருந்தால் சற்று முன்னதாகவே விழும்.

மற்ற அறைகளுக்கும் சில அளவுகள்: 12,000 பிடியு ஏசி ஏறக்குறைய 1000 முதல் 1200 வாட், அதாவது 5 அம்பியர் அளவு. இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட். குளியலறையில் உடனடியாகச் சுடுநீர் தரும் ஹீட்டர் 3500 வாட், தனியே 15 அம்பியர். சீலிங் ஃபேன் 75 வாட், எல்ஈடி பல்ப் 9 வாட். இவை இரண்டையும் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். கரண்டைத் தின்பது சூடாக்குவதும் குளிராக்குவதும்தான்.

கொழும்பில் சாதாரண வீட்டுக்குக் கொடுக்கும் ஒற்றை ஃபேஸ் இணைப்பு 30 அம்பியர். மொத்தமாக ஏறக்குறைய 6900 வாட். இரண்டு ஏசி, சுடுநீர் ஹீட்டர், கேத்தல் எல்லாம் ஒன்றாக ஓடினால் பெட்டியில் எத்தனை வழி பிரித்தாலும் அதைத் தாண்டிவிடும். அப்போது விழுவது அறைப் பிரேக்கர் அல்ல, மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மெயின் பிரேக்கர்.

ஒன்றும் விழவில்லை, ஆனாலும் கரண்ட் இல்லை

ஒரேயொரு ப்ளக் மட்டும் செத்திருந்தால், சதுரக் கால் 13 அம்பியர் ப்ளக்குக்குள் இருக்கும் சின்ன பியூஸைப் பாருங்கள். கழற்றிய ப்ளக்கைத் திறந்து, ஓடும் இன்னொரு ப்ளக்கின் பியூஸைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். 700 வாட்டுக்குக் குறைந்த சாமானுக்கு 3 அம்பியர், அதற்கு மேற்பட்டதற்கு 13 என்பது பொது விதி. சிகரெட் பெட்டியின் ஈயத் தாளைச் சுற்றிப் போடும் கெட்டித்தனம் வேண்டாம். பியூஸ் எரியாது, வயர் எரியும்.

ப்ளக் பொயின்ட்டின் முகத்தையும் ரோச் அடித்துப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறம், ஒரு பக்கம் உருகி வளைந்த விளிம்பு, கழற்றும்போது இறுகிப் பிடிக்கும் கால். இவை தொடர்பு தளர்ந்து அங்கேயே சூடேறியதற்கு அடையாளம். நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இரண்டு கால் ப்ளக்கைப் போட, ஏர்த் ஓட்டைக்குள் பேனா மூடியையோ ஈர்க்குத் துண்டையோ குத்தித் திறந்து, கீழே செருகிவிடுவது. அந்த உருண்டைக் கால் சதுர ஓட்டையில் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். கைப்பேசி சார்ஜருக்கு ஒன்றும் ஆகாது. அயனைப் போட்டால் அந்த நுனி கருகும். பழைய 15 அம்பியர் உருண்டைக் கால் ப்ளக்குகளுக்கும் உள்ளே பியூஸ் இல்லை. தலையை மாற்றி 13 அம்பியர் ப்ளக் போடுவதுதான் சரி, நடுவில் அடாப்டர் செருகுவதல்ல.

மல்டி ப்ளக்கை அடுத்துச் சந்தேகியுங்கள். கேத்தலையும் இண்டக்ஷன் அடுப்பையும் ஒரே மல்டி ப்ளக்கில் போட்டால் 17 அம்பியருக்கு மேல். அதன் வயரோ நூல் போல மெல்லியது. சுருட்டியபடி ஓடவிட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகும்.

முழு வீட்டுக்கும் கரண்ட் இல்லை, பெட்டியிலும் ஒன்றும் விழவில்லை என்றால் கீழே போங்கள். தொடர்மாடிகளில் மீட்டர் அறை தரைத் தளத்தில் இருக்கும். உங்கள் வீட்டு இலக்கத்துக்கு அங்கே ஒரு பிரேக்கர் இருக்கும். அறை பூட்டியிருந்தால் திறப்பு வாட்ச்மனிடமோ முகாமையாளரிடமோ இருக்கும். “அண்ணே, ஐந்தாம் மாடி, எங்கட பிரேக்கர் விழுந்திருக்கா எண்டு ஒருக்காப் பாருங்கோ” என்றால் பெரும்பாலும் அவரே பார்த்துச் சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரரின் பிரேக்கரைத் தூக்கிவிடாமல் இருக்க இலக்கத்தை இரண்டு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கப் பழைய வீடுகளில் பிரேக்கருக்குப் பதிலாக வெள்ளைப் பீங்கான் பியூஸ் இன்னும் இருக்கிறது. மெயின் சுவிச்சை அணைத்த பிறகு ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தால் எதில் கம்பி அறுந்திருக்கிறது, பீங்கான் கருகியிருக்கிறது என்று தெரியும். மாற்றும் கம்பி அதே அளவு இருக்க வேண்டும். 5 அம்பியருக்கு 0.20 மில்லிமீற்றர், 15க்கு 0.50, 30க்கு 0.85. சாதாரண வயரிலிருந்து ஓர் இழையை உருவிக் கட்டுவது பியூஸ் ஆகாது. இப்படிப்பட்ட வீட்டில் பெரும்பாலும் ட்ரிப் சுவிச்சும் இருக்காது என்பதால், பெட்டியை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. மூன்று ஃபேஸ் வீட்டில் சில விளக்கு கண்ணைக் கூசும்படி எரிந்து, சில மங்கி, ஃபேன் வேகம் ஏறி இறங்கினால் நியூட்ரல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். 230 போக வேண்டிய சாமானுக்கு 400 வோல்ட் வரை போகலாம். ஆராயாமல் உடனே மெயினை அணையுங்கள்.

யாரை எப்போது கூப்பிடுவது

மீட்டரும், அதற்கு முன்னால் சீல் வைத்த பியூஸும் வழங்குநருக்குச் சொந்தம். சீலை உடைத்தால் ஆபத்து ஒரு பக்கம், சட்டப் பிரச்சினை மறு பக்கம். கொழும்பு மாநகருக்குள் மின்சார சபை என்று நாம் பழகிய வழங்குநரின் 1987, நுகேகொட, கோட்டே, களனி, மொரட்டுவைப் பக்கங்களில் லெக்கோ நிறுவனத்தின் 1910. எது உங்களுக்கு என்று பில்லின் தலைப்பே சொல்லும். கணக்கு இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “மெயினும் ட்ரிப் சுவிச்சும் மேலே இருக்கு, பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கு, எங்களுக்கு மட்டும் இல்லை” என்று சொல்லுங்கள். முதலில் கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் அதில் பதில் இருக்கிறது.

வீட்டுக்குள் பிழை என்றால் எலக்ட்ரீசியன். என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. வந்தவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, “இந்தப் பதினாறை எடுத்துட்டு முப்பத்திரண்டு போட்டா இனி விழாது” என்று சொன்னால், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அவர் சொல்வது உண்மைதான், இனி விழாது. பிரேக்கர் காப்பது சுவருக்குள் போகும் வயரை. 16 அம்பியருக்கு இழுத்த வயரில் 32 போகவிட்டால் அது பைப்புக்குள்ளேயே வேகும், வெளியே ஒன்றும் தெரியாது. அளவைக் கூட்டுவதென்றால் வயரையும் மாற்ற வேண்டும்.

நல்லவர் வேறு வேலை செய்வார். எல்லா லோடையும் போடச் சொல்லி கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டி அம்பியரைப் பார்ப்பார். மெயினை அணைத்துவிட்டு நியூட்ரல் கட்டையின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக இறுக்குவார். எந்த ப்ளக் எந்தப் பிரேக்கரில் என்று பிரித்துத் தருவார். சமையலறைக்கு 7/0.67 வயரில் இன்னொரு தனி வழி இழுக்கச் சொல்வார். அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர். கடையில் ‘ஏழு சைபர் அறுபத்தேழு’ என்று கேட்டால் கொடுப்பார்கள். ஏசிக்கும் சுடுநீர் ஹீட்டருக்கும் தனித்தனி வழி இல்லையென்றால் அதையும் அன்றே பேசிவிடுங்கள். அடிக்கடி விழுகிறது என்று ட்ரிப் சுவிச்சைத் தாண்டி நேரடியாக வயர் கொடுக்க ஒருவரையும் விடாதீர்கள். ஷொக் அடிக்கும்போது உயிரைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான்.

அவர் போவதற்கு முன் இரண்டு வேலை. ஒவ்வொரு பிரேக்கருக்கும் கீழே சமையலறை, முன் அறை, ஏசி என்று மார்க்கரால் எழுதி ஒட்டுங்கள். பிறகு ட்ரிப் சுவிச்சின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அவர் கையில் பை இருக்கும்போதே அதை மாற்றச் சொல்லுங்கள்.